அடையாறு கத்தியும் அடியேன் கத்தியும்

சிரஞ்சீவி பாரத்துக்கு,

மயிலாப்பூரிலிருந்து அத்திம்பேர் அனந்தராமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா ஜானுவும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவில் சௌக்கியமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீயே தீர்மானித்துக்கொள். கோயம்புத்தூரில் நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கபாலீஸ்வரர் அருள் புரியட்டும். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். வாட்ஸப்பில் குடும்பக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் நான் ஒரு புள்ளி வைத்தால்கூட அடையாற்றிலிருந்து அந்த மனுஷர் உடனே கட்டைவிரலை உயர்த்திவிடுகிறார். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. அதனால் தபால்.

போன வாரம் நீ ஜானுவிடம் ஃபோனில், "அத்திம்பேர் கத்தியைத் தூக்கிண்டு மீன் கடைக்குப் போனாராமே, நிஜமா?" என்று கேட்டாயாம். உன் அக்கா பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சிரித்தே முடித்துவிட்டாள். சிரிப்பில் விட்டுப்போனதெல்லாம் எனக்குச் சாதகமான விஷயங்கள். ஆகவே நடந்ததை முதலிலிருந்து, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் இன்னொரு அத்திம்பேர், சின்ன அக்கா மாளவிகாவின் அகத்துக்காரர், என் ஷட்டகர் வெங்கடரமணன். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன், சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அறுபத்திரண்டு வயதில் தலையில் ஒரு முடி உதிரவில்லை. கல்யாண வீட்டில் ஊஞ்சல் பாட்டு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கடையிலும் எந்தச் சட்டையும் அவருக்கு அளவாக இருக்கும். இதையெல்லாம் முப்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டேன். காரணம், அவருக்கு ஒன்று மட்டும் வராது. கைவேலை. வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளினவர், சுவரில் ஆணி அடிக்கத் தெரியாது. அடையாற்றில் அவர்கள் ஆத்தில் காலண்டர் மாட்டவேண்டுமென்றால் நான் மயிலாப்பூரிலிருந்து சுத்தியலோடு பஸ் ஏறிப் போவேன். அந்த ஆணிகளை வைத்துக்கொண்டுதான் நான் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். போதாததற்கு நான் பொறியியல் கல்லூரியில் முப்பத்துநாலு வருஷம் உலோகவியல் நடத்தியவன். இரும்பு எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரும்பு என்றால் நம் குடும்பத்தில் அனந்தராமன் என்று இருந்தது.

அப்படிப்பட்டவர் போன பொங்கலுக்கு மறுநாள், கனுவன்று மாளவிகாவோடு எங்காத்துக்கு வந்து, துணிப்பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஜானுவிடம் நீட்டினார். "அக்கா, இது நானே அடிச்சது. லாரி ஸ்பிரிங் பட்டைலேர்ந்து. எங்காத்துக் கார் ஷெட்டுல உலை போட்டிருக்கேன்" என்றார். ஈட்டி மரத்தில் கைப்பிடி, மூன்று பித்தளை ஆணி, அலகில் முகம் பார்க்கலாம். ஜானு அன்றைக்கு வாங்கி வைத்திருந்த சேனைக்கிழங்கின் மேல் அதை வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்லவேண்டும், அழுத்தவே இல்லை. "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ! சேனை தானாப் பொளந்துக்கறது!" என்று கூவினாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதோடு விட்டாரா? எல்லோரையும் உட்காரவைத்து விளக்கம். "இரும்பைத் தொள்ளாயிரம் டிகிரிக்குக் கொண்டுபோனா அது ஆஸ்டின்-நைட்டா மாறிடும். அப்போ டபக்குனு எண்ணெய்ல முக்கணும்." நான் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. "ஆஸ்டினைட்" என்றேன். "அதான், அதான்" என்றார். "எண்ணூத்தி முப்பது போதும்" என்றேன். அப்போது என் பெண் ஸ்நேஹா, எட்டாம் வகுப்புப் படித்த நாளிலிருந்தே நான் இரும்பு பற்றி வாயைத் திறந்தால் எழுந்து ஓடுகிற அதே ஸ்நேஹா, கைபேசியைச் சித்தப்பா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அப்பா, நடுவுல பேசாதே. வீடியோ போயிண்டிருக்கு" என்றாள். அந்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்களாம். நடுவில் ஒரு கை தெரியும் பார், அது நான்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம். சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து எங்காத்துச் சமையலறையில் அது 'வெங்கட் கத்தி' ஆயிற்று. தினமும் வெந்நீரில் கழுவி, துடைத்து, ரவிக்கைத் துணியில் சுற்றி வைக்கிறாள். எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இத்தனை உபசாரம் இல்லை. காலையில் பூசணிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டால் எனக்குக் காப்பி இறங்காது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு, வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், தானே ஒரு கத்தி அடிக்க எத்தனை நாழி ஆகும் என்று கிளம்பிவிட்டேன்.

"ஜானு, ஒரு கிரைண்டர் வாங்கப் போறேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்து, "டேபிள் டாப்பா? இட்லி மாவுக்கு எத்தனை நாளாச் சொல்லிண்டிருக்கேன்!" என்றாள். இரும்பு தேய்க்கிற கிரைண்டர் என்று தெரிந்ததும் மலர்ந்த முகம் எந்த வேகத்தில் கூம்பியது என்பதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிறகு புதுப்பேட்டைக்குப் போய் பழைய இரும்புக் கடையில் ஸ்பிரிங் பட்டையும், அதை வைத்து அடிக்க ஒரு தண்டவாளத் துண்டும் கேட்டேன். கடைக்காரர் ஃபராஸ் என்பவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கத்தி அடிக்கவா சார்? அடையார்லேர்ந்து ஒரு சார் வருவாரு, நம்ம ரெகுலரு. வெங்கட் சார். தங்கமான மனுசன்" என்றார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அவர் எனக்குச் சொந்தம்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே அவர் கையிலிருந்த பட்டையைத் தூரப் போட்டுவிட்டு, உள்ளே போய் வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். "அத முன்னாடியே சொல்லக்கூடாது? இது நல்ல பீஸு. வெங்கட் சாருக்காக எடுத்து வெச்சது." முப்பத்துநாலு வருஷம் எஃகைப் பற்றிப் பேசியவனுக்கு நல்ல எஃகு கிடைத்தது வெங்கட் சார் தயவில். எடுத்துக்கொண்டுதான் வந்தேன். வேறு வழி?

எங்கள் அடுக்ககத்தின் பின்பக்கம், ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் பட்டறை போட்டேன். செங்கல் அடுக்கி ஓர் உலை, இஸ்திரிக்காரரிடம் வாங்கிய கரி, காற்றடிக்க ஸ்நேஹாவின் தலைமுடி உலர்த்தும் மிஷின். இரும்பு போதுமான சூட்டுக்கு வந்துவிட்டால் காந்தம் அதில் ஒட்டாது, அது சாஸ்திரம். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கம்பியில் கட்டிக் காட்டினேன். காந்தம் ஒட்டவில்லை, ஆனால் அதன் மேலிருந்த பிளாஸ்டிக் கிளி உருகி இரும்பில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிளியோடுதான் என் முதல் அடியை அடித்தேன். இரும்பு குறட்டிலிருந்து துள்ளிப் போய் மூன்றாம் மாடி ஷண்முகப்ரியாவின் ஸ்கூட்டருக்கு அடியில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி காய்ச்சி மறுபடி அடித்தேன். பாரத், காகிதத்தில் இரும்பு நாம் சொன்னபடி கேட்கும். தண்டவாளத்தின் மேல் அது யார் பேச்சையும் கேட்பதில்லை. இடது பக்கம் அடித்தால் வலது பக்கம் வளைகிறது, வலது பக்கம் அடித்தால் நம்மைப் பார்த்து வளைகிறது. நாலு நாள் அடித்து, தோளில் ஜானு தைலம் தேய்த்துவிட, கடைசியில் கிடைத்தது ஒரு வாழைப்பழம்.

இரண்டாவது நேராக வந்தது. ஆனால் முக்குவதற்கு எண்ணெய் கேட்டபோது ஜானு, "சாப்பிடற எண்ணெயை இரும்புக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவசரம். பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது. முக்கினேன். 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், வளையல் உடைகிற மாதிரி. நடுவில் விரிசல். இந்த எஃகைத் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும், காரணத்துடன் விளக்குக என்று பத்து மதிப்பெண்ணுக்கு வருஷாவருஷம் கேள்வி கேட்டவன் நான். அந்தக் கேள்விக்கு எத்தனையோ பையன்களுக்கு முட்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஸ்கூட்டர் கொட்டகையில் நின்றுகொண்டு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

மூன்றாவதற்கு நானே போய்க் கடலை எண்ணெய் வாங்கி ஒரு தவலையில் ஊற்றிச் சுடவைத்து, பழுத்த அலகை அதில் இறக்கினேன். குபீரென்று ஓர் ஆள் உயரத்துக்குத் தீ. எனக்குப் பயமில்லை, மூடி தயாராக வைத்திருந்தேன். ஆனால் அதற்குள் வாசனை மாடிப்படி வழியே ஏறிவிட்டது. அடுக்ககச் சங்கத்தின் செயலாளரும் ஷண்முகப்ரியாதான். கையில் ஒரு தட்டோடு இறங்கி வந்து, "அங்கிள், என்ன விசேஷம்? பஜ்ஜி வாசனை மொட்டை மாடி வரைக்கும் வருதே!" என்றாள். பிறகு தவலையைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே போட்டுவிட்டு, "தீ! அங்கிள், தீ!" என்று கத்தியதில் எட்டு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். நான் மூடியைப் போட்டு அணைத்துவிட்டேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்றாலும் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் இரும்பு பொரிக்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் இப்போது எழுதி ஒட்டியிருக்கிறது. பெயர் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை.

அலகைப் பதப்படுத்த ஜானுவின் கேக் அடுப்பில் இருநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். "என்ன பேக் பண்றேள்?" என்று கேட்டாள். "கத்தி" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. தேய்த்து, கைப்பிடி போட்டு, கடைசியில் அதை அவள் முன் வைத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்கு இப்படிக் காத்திருந்ததில்லை. அழகு என்று சொல்லமாட்டேன். முதுகு தடிமன், மூக்கு சற்றுக் கோணல். ஜானு கையில் தூக்கிப் பார்த்து, நல்ல மனசோடுதான், "நன்னாருக்குன்னா. கனமா இருக்கு. தேங்கா உடைக்க வச்சுக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு ரவிக்கைத் துணியைப் பிரித்து வெங்கட் கத்தியை எடுத்துப் புடலங்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

இவளுக்கு ஷட்டகர் பக்கம் சாய்வு, நடுநிலையான ஆளிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கத்தியைத் தினம் ஆறு மணி நேரம் கையில் பிடிக்கிறவர்கள் யார்? மறுநாள் காலை ஜானு கோயிலுக்குப் போனதும் இரண்டு கத்தியையும் துண்டில் சுற்றிக்கொண்டு சாந்தோம் வழியாக நொச்சிக்குப்பத்துக்கு நடந்தேன். ஜன்மத்தில் மீன் பக்கம் போகாதவன், நெற்றியில் விபூதியோடு, அக்குளில் இரண்டு கத்தியோடு. ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், முத்தம்மா என்று பெயர், என்னைப் பார்த்ததும், "இன்னா சாமி, வழி தவறி வந்துட்டியா? கோயிலு அந்தாண்ட கீது" என்றாள்.

"இல்லம்மா, ஒரு உதவி. ரெண்டு கத்தி இருக்கு. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லணும்."

"விக்கிறியா?"

"இல்லை. பரீட்சை மாதிரி."

அவள் சிரித்துக்கொண்டே முதலில் என்னுடையதை வாங்கி ஒரு வஞ்சிரத்தின் மேல் வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மீன் நகர்ந்ததே தவிர அறுபடவில்லை. "சாமி, இதால மீன அறுக்க முடியாது. அடிச்சிக் கொல்லலாம். ஆனா அது ஏற்கெனவே செத்துத்தான் கீது" என்றாள். பக்கத்துக் கடைகளில் ஒரே சிரிப்பு. பிறகு வெங்கட் கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. நடு முள்ளோடு இறங்கிக் கட்டையில் நின்றது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யம்மாடி! முள்ளோட எறங்குது பாரு. யாரு சாமி செஞ்சாங்க இத?"

பாரத், அந்த இடத்தில் என் நாக்கு என்ன செய்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "நான்தான்" என்றேன்.

"நீயா! அப்போ இது?" என்று என் கத்தியைக் காட்டினாள்.

"அது என் ஷட்டகர் பண்ணினது. அடையாறு."

"பாவம், அந்தாளுக்குக் கை வரல சாமி. வுட்டுடச் சொல்லு" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், கடலிலிருந்து வந்த அந்தக் காற்று மாதிரி ஒரு காற்று என் மேல் இதுவரை பட்டதில்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மீனை அறுத்துப் பார்த்து, "கைய பாரு, வாத்தியார் கை மாதிரி கீது, இன்னா வேல செஞ்சிருக்கு!" என்கிறார்கள். முத்தம்மா, "இத எனக்குக் குட்துடு சாமி. உனக்கு இன்னா, கைத்தொழிலு, வேற ஒண்ணு அடிச்சிக்குவ" என்றாள். ஆமாம், எனக்கென்ன, கைத்தொழில்தானே என்று நானும் நினைத்துவிட்டேன். பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டேன்! சாந்தோம் மாதா கோயில் தாண்டும் வரை மிதந்துகொண்டு வந்தேன். அங்கே வந்ததும்தான் நான் கொடுத்தது என் கத்தி இல்லை, என் ஆத்துக்காரியின் கத்தி என்று ஞாபகம் வந்து கால் இரண்டும் நின்றுவிட்டன. திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வது? 'அம்மா, கை வராத ஆள் நான்தான்' என்றா? நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஜானு தேட ஆரம்பித்தாள். "கத்தியப் பார்த்தேளா?" என்றாள். "இல்லையே" என்றேன். இதோடு நிறுத்தியிருந்தாலும் தேவலை. நானும் டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் தேடினேன். அடுத்த நாளும் தேடினேன். மாவு டப்பாவுக்குள்கூடக் கை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஜானு, பாத்திரம் தேய்க்க வரும் ஜாஸ்மினிடம் தயங்கித் தயங்கி, "ஜாஸ்மின், தப்பா நினைச்சுக்காதே. அந்தக் கத்திய எங்கயாவது எடுத்து வச்சியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. குழாய்ச் சத்தம் நின்றது. "ஒம்போது வருசமா வரேன் மாமி. ஒரு ஸ்பூனு காணாமப் போயிருக்கா?" என்றாள் ஜாஸ்மின். குரல் உயரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்காத்துப் பின்வாசல் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாள்.

பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. எழுந்து போய், "ஜானு, அவளைக் கேட்காதே. கத்தியை எடுத்தது நான்" என்றேன். நொச்சிக்குப்பம், முத்தம்மா, வஞ்சிரம், 'நான்தான்' என்று சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடியே ஒப்பித்தேன். முதலில் பேசியது ஜாஸ்மின்தான். அவள் வீடும் அந்தப் பக்கம்தான். "முத்தம்மாக்கா கத்தியா? மயிலாப்பூர் சாமி ஒருத்தர் செஞ்சி குட்தாருன்னு குப்பமே பேசிக்கினு கீது. அது நம்ம கத்தியா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு நாளா டார்ச் அடிச்சித் தேடினீங்களே சார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். ஜானுவும் கேட்டாள், சாவியை எடுத்து அவள் கையில் வைத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாஸ்மின் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

அப்புறம் ஜானு என் பக்கம் திரும்பி, "அதால மீன் வெட்டியாச்சா?" என்றாள். "ஏழெட்டு" என்றேன். "அப்போ அது இந்தாத்து வாசப்படி ஏறப்படாது. அங்கயே இருக்கட்டும். ஆனா வெங்கட்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும். நானும் வரேன், நீங்க முழுசாச் சொல்றேளான்னு பார்க்க" என்றாள்.

அடையாற்றில் கார் ஷெட்டில் வெங்கட் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு உலை முன்னால் நின்றார். சொன்னேன். முழுதும் சொன்னேன், 'அது ஷட்டகர் பண்ணினது' என்றதையும் விடவில்லை. அவர் முதலில் கேட்டது, "முள்ளோட இறங்கித்தா அண்ணா?" என்று. "இறங்கித்து" என்றேன். முகம் ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி ஆயிற்று. அப்புறம் மெதுவாக, "அத உங்களுதுன்னு சொன்னேளா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மூலையிலிருந்த ஒரு டிரம்மைக் காலால் நகர்த்திக் காட்டினார். உள்ளே உடைந்ததும் வளைந்ததுமாக அலகுகள்.

"அக்காவுக்குக் குடுத்தது இருபத்திமூணாவது கத்தி. இருபத்திரெண்டு இதுக்குள்ள கிடக்கறது. ஒவ்வொண்ணு விரிசல் விடறப்பவும் உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னு எடுப்பேன். 'இதுகூடத் தெரியாதா வெங்கட்'னு கேப்பேளேன்னு வச்சுடுவேன்" என்றார்.

இதைக் கேட்டதும் என் பொறாமை கரைந்தது என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. கரையவில்லை. இருபத்திரண்டு உடைந்த பிறகும் இந்த மனுஷர் இருபத்திமூன்றாவதைக் காய்ச்சியிருக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமை வந்தது. நான் மூன்றாவதிலேயே கைதட்டல் தேடிப் போனவன். அவர் திரும்பி உலையிலிருந்த அலகைக் கிளறினார். வெளி வெயில் நேரே உலை மேல் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது.

"வெங்கட், கதவைச் சாத்துங்கோ!"

"ஏன் அண்ணா?"

"வெயில்ல நிறம் தெரியாது. பழுத்தது உங்களுக்குப் பழுக்காத மாதிரி தெரியறது, மேல மேல காய்ச்சறேள். அதான் விரிசல். சாத்துங்கோ, சாத்துங்கோ!"

கதவைச் சாத்தியதும் அலகு மஞ்சளாக ஜொலித்தது. "பார்த்தேளா, எத்தனை ஜாஸ்தி! வெளில எடுத்து ஆறவிடுங்கோ, மறுபடி வைங்கோ" என்றேன். நான் நிறத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் குறடு பிடிக்க, நான் "இப்போ!" என்று கத்தின கணத்தில் அலகை எண்ணெயில் இறக்கினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த 'டிங்' சத்தத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. எடுத்து, இறுகிவிட்டதா என்று அரத்தால் தேய்த்தால் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கியது. நேராக, ஒரு கீறல் இல்லாமல். வெங்கட் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் ஏப்ரன் கரியெல்லாம் என் வேஷ்டியில். பத்து நிமிஷம் கழித்து அது யார் கத்தி என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டோம் என்பதையும் நான் மறைக்கவில்லை. கதவோரம் உன் அக்காக்கள் இருவரும் காப்பி குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் வெங்கட்டைக் கூட்டிக்கொண்டு நொச்சிக்குப்பம் போய் முத்தம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்போ கை வராத ஆளு நீதானா சாமி?" என்றாள். பிறகு வெங்கட்டிடம், "நான் வுட்டுடச் சொன்னேன்னு இவரு வந்து சொன்னா காதுல வாங்கிக்காத நைனா. நீ செய்யி" என்றாள். என்னைப் பார்த்து ரொம்ப அன்பாக, "நீ வேணா வுட்டுடு" என்றாள்.

விட்டுவிட்டேன், பாரத். என் உலையைக் கலைத்துவிட்டேன். தண்டவாளத் துண்டை வெங்கட் ஷெட்டுக்கே அனுப்பியாயிற்று. இனி அவர் அடிப்பார், நான் சனிக்கிழமைகளில் போய் நாற்காலியில் உட்கார்ந்து நிறம் பார்த்துச் சொல்வேன். அவர் வீடியோவில் 'ஆஸ்டினைட்' என்று சரியாகச் சொல்கிறார், என் பெயரையும் சொல்கிறார். எனக்கு இந்த வயதில் ஒருவர் மேலும் பொறாமை இல்லை, மனசு துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. சுத்தியலை இந்த ஜன்மத்தில் இனித் தொடுவதில்லை என்று கபாலி சன்னிதியில் சொல்லிவிட்டும் வந்துவிட்டேன். உனக்கும் நான் சொல்ல வருவது இதுதான், குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு வித்தை கைவந்தால் மற்றவர்கள் வாயார வாழ்த்திவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். உன் ஆத்துக்காரிக்கு என் ஆசி. குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைக்கும்
அத்திம்பேர் அனந்தராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஜானு அடையாற்றிலிருந்து வந்தாள். மாளவிகாவுக்குத் துணையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று நாலு வாரமாகச் செவ்வாய்க்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்து, "நானே அடிச்சேன்னா, எப்படி இருக்கு?" என்றாள். வெங்கட் காய்ச்ச மட்டும் உதவினாராம், மற்றதெல்லாம் இவளாம். ஒரு தக்காளியை எடுத்தாள். மறுபக்கம் கண்ணுக்குத் தெரிகிற மெல்லிசில் வில்லை வில்லையாக விழுந்தது. முதல் கத்தி, பாரத்! அவளுக்கு இது முதல் கத்தி! வெங்கட் உடனே ஃபோன் பண்ணினார். "அண்ணா, பார்த்தேளா?" என்றார். "பார்த்தேன்" என்றேன். பிறகு இருவரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. முப்பது வருஷத்தில் நாங்கள் இத்தனை ஒற்றுமையாக இருந்ததே இல்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்த ஆலையில் நல்ல எஃகுத் துண்டு ஒன்று கிடைத்தால் உடனே அனுப்பு. கட்டாயம் என் பெயருக்கு, நானே கையெழுத்துப் போட்டு வாங்குகிற மாதிரி அனுப்பு. உன் அக்கா கையில் கிடைத்தால் அது இன்னொரு நல்ல கத்தியாகிவிடும்.